மேய்ச்சல் குளோவரில் பூஞ்சாண எதிர்ப்பு: விகிதத்தை எண்ணும் முன்

வாசகர் கேள்வி – பதில்

தீவனப் பயிர்ப் பெருக்கம் படிப்பவர்களும் ஆய்வுக்கூடங்களில் பணிபுரிபவர்களும் அனுப்பிய கேள்விகளில், குளோவர் என்ற மேய்ச்சல் பயறு வகைச் செடியின் நோய் எதிர்ப்பு பற்றியவை மட்டும் இந்த இதழில். ஒன்றைத் தொட்டு ஒன்றாக வரும்படி வரிசையை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: குளோவரில் பூஞ்சாண நோய் எதிர்ப்பு ஓங்கு பண்பா, ஒடுங்கு பண்பா? ஒரு புத்தகத்தில் ஒரே மரபணு என்றும், இன்னொன்றில் பல மரபணுக்கள் என்றும் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். அவை வெவ்வேறு நோய்களைப் பற்றிப் பேசுகின்றன. சிவப்புக் குளோவரில் தண்டைக் கருக்கும் தெற்கத்திய ஆந்த்ராக்னோஸ் நோய்க்கு, அதாவது கொலிடோட்ரைக்கம் டிரைஃபோலியை என்ற பூஞ்சாணத்துக்கு, எதிர்ப்பு ஒரே ஓங்கு மரபணுவாக (ஒரு பிரதி இருந்தாலே பண்பு தெரிவது ஓங்கு; எல்லாப் பிரதிகளும் அதுவாக இருந்தால்தான் தெரிவது ஒடுங்கு) இறங்குவதை 1950-களிலேயே காட்டிவிட்டார்கள். துரு நோய்க்கும் சாம்பல் நோய்க்கும்கூட இப்படிப்பட்ட தனி ஓங்கு மரபணுக்கள் சிவப்புக் குளோவரில் தெரியவந்துள்ளன. குளோவரின் உறவான லூசர்னில் (குதிரைமசால்), இதே கொலிடோட்ரைக்கத்தின் ரேஸ் 1 என்ற உட்பிரிவை மட்டும் தடுப்பது ஏஎன்1 மரபணு. ரேஸ் 1, 2 இரண்டையும் தடுப்பது ஏஎன்2.

ஸ்கிளிரோட்டினியா டிரைஃபோலியோரம் உண்டாக்கும் தண்டடி அழுகல் வேறு மாதிரி. அங்கே முழு எதிர்ப்பு உள்ள செடி, முழுதாக ஆளாகும் செடி என்ற பிரிவே தெளிவாக வராது. ஒவ்வொன்றும் சிறிதளவு உதவும் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றோடு செடியின் வயதும் குளிர் தாங்கும் தன்மையும் கலந்துவிடுகின்றன.

ஆகவே ‘குளோவரில் எதிர்ப்பு எப்படி இறங்குகிறது’ என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தக் குளோவர், எந்தப் பூஞ்சாணம், அதில் எந்த ரேஸ், எந்த வெப்பநிலையில், எத்தனை நாள் வயதுச் செடியில் என்று கேட்க வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் நீங்கள் எண்ணும் விகிதம் மாறலாம்.

கேள்வி: சிவப்பு, வெள்ளை, நிலத்தடி என்று மூன்று குளோவரிலும் ஒரே முறையில் மரபுவழி ஆய்வு செய்ய முடியாதா?

பதில்: முடியாது. நிலத்தடிக் குளோவர் இருமடியம் (குரோமோசோம்கள் இரண்டு தொகுதி), 16 குரோமோசோம்கள். தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் ஓராண்டுப் பயிர். அதில் நெல்லிலோ உளுந்திலோ செய்வதுபோல எஃப்1 (கலப்பின் முதல் தலைமுறை), அதைத் தன்கலப்பு செய்த எஃப்2, அதற்கடுத்த எஃப்3 என்று நேராகப் போகலாம்.

சிவப்புக் குளோவருக்கு 14 குரோமோசோம்கள். ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. எஃப்1 செடியைத் தன்கலப்பு செய்து எஃப்2 எடுக்கலாம் என்று திட்டம் போட்டால் விதையே வராது. பூக்கும் சமயத்தில் வெப்பத்தைக் கூட்டினால் சில செடிகளில் கொஞ்சம் தன்கலப்பு விதை கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் இங்கே சோதனைக் கலப்பை நம்புங்கள்: எதிர்ப்புள்ள செடியை, நோய்க்கு ஆளாகும் இரண்டு மூன்று செடிகளுடன் தனித்தனியே கலந்து, வாரிசுகள் எல்லாமே எதிர்க்கின்றனவா, பாதிக்குப் பாதி பிரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டு எஃப்1 செடிகளை ஒன்றோடொன்று கலந்தாலும் 3:1 கிடைக்கும். ஆனால் அவ்விரண்டும் சுய ஒவ்வாமை மரபணுவில் ஒத்துப்போய்விட்டால் அந்தக் கலப்பும் விதை தராது. எனவே பல ஜோடிகளைப் போட வேண்டும்.

வெள்ளைக் குளோவர் நான்மடியம் (நான்கு தொகுதி), 32 குரோமோசோம்கள். இரண்டு வேறு இனங்கள் சேர்ந்து உருவானதால் குரோமோசோம்கள் தத்தம் ஜோடியோடு மட்டுமே சேரும். ஆகவே விகிதங்கள் இருமடியத்தைப் போலவே வரும். ஒரே வேலையைச் செய்யும் மரபணு அந்த இரு இனங்களிலிருந்தும் வந்திருந்தால் 3:1-க்குப் பதில் 15:1 வரும். இதுவும் தன் மகரந்தத்தை ஏற்காத செடிதான். ஆனால் ஓடுதண்டை வெட்டி நட்டால் அதே செடி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். நோய்ச் சோதனைக்கு இது பெரிய வசதி: ஒரு துண்டுக்கு நோய் கொடுத்துவிட்டு, இன்னொரு துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நிலத்தடிக் குளோவரில் கலப்பு செய்தேன். எஃப்1 எல்லாம் தாய் போலவே இருக்கிறது, எஃப்2-வும் பிரியவில்லை. என்ன நடந்திருக்கும்?

பதில்: பெரும்பாலும் அது கலப்பே இல்லை, தாய்ச்செடி தன் மகரந்தத்திலேயே விதை வைத்திருக்கும். இந்தக் குளோவரில் பூ விரியும் முன்பே மகரந்தப்பை வெடித்துவிடுகிறது. இதழ் நுனி தெரிந்தபின் மகரந்தப்பைகளை எடுத்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். இதழ் இன்னும் புல்லி வட்டத்துக்குள் இருக்கும்போதே, உருப்பெருக்கியின் கீழ், கூர்முனை இடுக்கியால் பத்து மகரந்தப்பைகளையும் எடுக்க வேண்டும். ஒரு கொத்தில் சில பூக்களே இருக்கும். அவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவது நல்லது. அடுத்த நாள் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, கொத்தை நூலால் அடையாளமிடுங்கள். காய் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பதால், கொத்தை மண்ணில் படாமல் தூக்கிக் கட்டவோ மெல்லிய துணிப்பைக்குள் விடவோ வேண்டும். இல்லையென்றால் எது கலப்பு விதை என்று தேட முடியாது.

கலப்பு உண்மையா என்பதை நோயை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஓங்கு அடையாளம் ஒன்று தந்தையிடம் இருக்கட்டும். இலையின் நடுவே வெளிர் பிறைபோல் வரும் அடையாளம் இதற்கு வசதியானது. அடையாளமில்லாத ரகத்தைத் தாயாகவும் அடையாளமுள்ளதைத் தந்தையாகவும் வைத்தால், நாற்று மூன்றாவது இலை விடும்போதே கலப்பா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று: எஃப்1 விதை கைவிரலில் எண்ணும் அளவில்தான் கிடைக்கும், அதுவும் கடின விதை. விதைத்து முளைக்கவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். நுண்மணல் தாளில் மெதுவாக உரசி, ஈரத் தாளில் வைத்து, 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் குளிரில் விடுங்கள். புதிதாக அறுத்த விதையில் விதையுறக்கமும் உண்டு. குளிர் அதைக் கலைக்கும், வெப்பம் நீட்டிக்கும்.

கேள்வி: நோய்ச் சோதனையில் ஒரு தடவை எல்லாச் செடியும் சாகிறது, அடுத்த தடவை ஒன்றும் ஆவதில்லை. கபாட்டியெல்லாவுக்கு நம்பகமான செய்முறை தர முடியுமா?

பதில்: கபாட்டியெல்லா காலிவோராதான் நிலத்தடிக் குளோவரில் கருகல் நோயையும், சிவப்புக் குளோவரில் வடக்கத்திய ஆந்த்ராக்னோஸையும் உண்டாக்குகிறது. இலைக்காம்பில் கருமையான குழி விழுந்து, காம்பு அந்த இடத்தில் ஒடிந்து, இலை தலைகீழாகத் தொங்குவது இதன் அடையாளம். குளிர்ந்த ஈரமான காலநிலை இதற்குப் பிடிக்கும்.

நாற்றுகள் ஒரே நாளில் முளைத்தவையாக இருக்க வேண்டும். மூன்று முதல் நான்கு வார வயது, மூன்று முழு இலைகள் உள்ள நிலை சரியானது. பூஞ்சாணத்தைத் தட்டில் வளர்த்து, வித்துகளை வடித்த நீரில் கழுவி எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வித்து எண்ணும் கண்ணாடித் தகடான ஹீமோசைட்டோமீட்டரில், நடுவிலுள்ள 25 கட்டங்கள் சேர்ந்த பெரிய சதுரத்தில் 100 வித்து இருந்தால் அது மில்லிக்கு 10 லட்சம். அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இலையில் ஒட்டுவதற்கு லிட்டருக்கு 0.1 முதல் 0.5 மில்லி டுவீன் 20 போதும். அதற்கு மேல் போனால் இலை தானே வாடி, அதை நோய் என்று எண்ணிவிடுவீர்கள். இலையிலிருந்து சொட்டத் தொடங்கும்வரை தெளித்து, 15 முதல் 20 டிகிரியில், இலை உலராதபடி 48 மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு திறந்து, இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் போடுங்கள்.

எங்கே தவறும்? பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்தில். மூடியின் ஓரம் சரியாக அடையாமல் ஓரத் தட்டுகள் மட்டும் உலர்ந்தால், அங்குள்ள செடிகள் எல்லாம் ‘எதிர்ப்புள்ளவை’ ஆகிவிடும். ஓரத்துச் செடிகளிலும் நடுத்தட்டுச் செடிகளிலும் நோய் அளவு வேறுபடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வேறுபட்டால் அந்த முடிவைப் பயன்படுத்த வேண்டாம். இரண்டாவது, பூஞ்சாணத்தைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்தால் அதன் வீரியம் குறையும். சில முறை மாற்றியபின் நோய் கொடுத்த செடியிலிருந்தே மறுபடி பிரித்தெடுங்கள். மூன்றாவது, வித்து எண்ணிக்கை சரியாக இருந்தும் அவற்றில் பாதி செத்திருக்கலாம். சிறிதளவை நீர் அகாரில் தெளித்து மறுநாள் எத்தனை முளைத்தன என்று எண்ணினால் தெரியும்.

ஒவ்வொரு தட்டிலும், ஓரத்தில் மட்டும் அல்லாமல் நடுவிலும், நோய்க்கு ஆளாகும் ஒப்பீட்டு ரகம் இருந்தே தீர வேண்டும். நிலத்தடிக் குளோவரில் வூஜனெலப் இதற்கு நெடுநாளாகப் பயன்பட்டுவருகிறது. அதில் நூற்றுக்கு 95 செடியாவது நோயுறாவிட்டால் அந்தத் தட்டை மறுபடி செய்யுங்கள். இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். காரணம் அடுத்த இரண்டு பதில்களில் இருக்கிறது.

கேள்வி: 160 எஃப்2 செடிகளுக்கு 0 முதல் 9 வரை (எண் கூடினால் நோய் அதிகம்) மதிப்பெண் போட்டேன். 0–2 பெற்றவை 42, 3–5 பெற்றவை 78, 6–9 பெற்றவை 40. என் வழிகாட்டி ஓங்கு எதிர்ப்பு என்கிறார், எனக்கு ஒடுங்கு போலத் தெரிகிறது. யார் சரி?

பதில்: கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இருவரும் சரி. 5-க்கும் 6-க்கும் நடுவே கோடு போட்டால் 120:40, அச்சடித்தாற்போல் 3:1; ஓங்கு எதிர்ப்பு. 2-க்கும் 3-க்கும் நடுவே போட்டால் 42:118, ஏறத்தாழ 1:3, ஒடுங்கு எதிர்ப்பு. கோடே போடாமல் மூன்று வகையாக விட்டால் 1:2:1-க்கான எதிர்பார்ப்பு 40:80:40. எதிர்பார்ப்பிலிருந்து எண்கள் எவ்வளவு விலகின என்று சொல்லும் கை-வர்க்க மதிப்பு 0.15 தான் வருகிறது. உங்கள் தரவு சொல்வது, ஒரே மரபணு, முழுமையற்ற ஓங்கு தன்மை என்பதே.

இதை உறுதிசெய்ய எஃப்1 செடிகளைப் பாருங்கள். அவை 3 முதல் 5-க்குள் நின்றால் சந்தேகம் தீர்ந்தது. எஃப்1-ஐச் சோதிக்காமல் எஃப்2-வை மட்டும் சோதிக்கும் ஆய்வுகளில்தான் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

வித்து அளவையும் கவனியுங்கள். அளவைக் கூட்டினால் கலப்பு மரபணு கொண்ட நடுத்தரச் செடிகள் முதலில் சரியும்; அதே குடும்பம் 3:1-லிருந்து 1:3 பக்கம் நகரும். வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி மாறினாலும் இது நடக்கலாம். ஒரே கலப்பு ஓரிடத்தில் ஓங்கு என்றும் மற்றோரிடத்தில் ஒடுங்கு என்றும் பதிவாக இது ஒன்றே போதும். ஆகவே கட்டுரை எழுதும்போது மதிப்பெண்களின் முழுப் பரவலையும் அட்டவணையாகக் கொடுங்கள். எதிர்ப்பு, எதிர்ப்பின்மை என்று இரண்டு எண்களாகச் சுருக்கிவிடாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கிடைத்தது 130:30. 3:1-க்குக் கை-வர்க்கச் சோதனை ஒத்துப்போகிறது. ஒரே மரபணு என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுத வேண்டாம். 160-ல் 3:1 என்றால் எதிர்பார்ப்பு 120:40. உங்கள் கை-வர்க்க மதிப்பு 3.33. தற்செயல் விலகல் என்று ஏற்கும் எல்லை 3.84 என்பதால் ‘ஒத்துப்போகிறது’. ஆனால் 130:30 என்பது 13:3-க்கு மிகச் சரியாகப் பொருந்தும் எண். அதாவது ஓர் ஓங்கு மரபணுவும் ஓர் ஒடுங்கு மரபணுவும் தனித்தனியே எதிர்ப்புத் தருகின்றன என்றும் இதே தரவை வாசிக்கலாம்.

மூன்றாவது வாசிப்பும் உண்டு. ஒரே மரபணுதான், ஆனால் நோய்க்கு ஆளாக வேண்டிய 40 செடிகளில் சில, ஈரம் போதாமல் தப்பிவிட்டன. பத்தில் இரண்டு தப்பினாலே 128:32 ஆகும். அதன் கை-வர்க்க மதிப்பு 2.13, சோதனையில் தேறிவிடும். பத்தில் மூன்று தப்பினால்தான் 132:28 ஆகி, 4.8 வந்து, சோதனை உங்களை எச்சரிக்கும். ஐந்தில் ஒரு பங்கு பிழையைக்கூட 160 செடிகளின் கை-வர்க்கச் சோதனை கண்டுபிடிக்காது. அதைக் கண்டுபிடிக்கும் ஒரே சாட்சி ஒப்பீட்டு ரகம். அதில் எத்தனை தப்பின?

மூன்றையும் பிரித்துக் காட்டுவது எஃப்3. எதிர்ப்புள்ள எஃப்2 செடிகளின் வாரிசுக் குடும்பங்களைச் சோதியுங்கள். ஒரே ஓங்கு மரபணு என்றால் மூன்றில் ஒரு குடும்பம் முழுதும் எதிர்ப்புள்ளதாக இருக்கும், மற்றவை பிரியும். 13:3 என்றால் 13-ல் 7 குடும்பங்கள் பிரியாமல் நிற்கும். தப்பிய செடிகள் இருந்தால், ‘எதிர்ப்புள்ளது’ என்று குறித்த செடியின் குடும்பம் முழுதுமே நோயில் விழும். அப்படி ஒரு குடும்பம் வந்தாலும் எஃப்2 சோதனையைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு எத்தனை செடி? பிரியும் குடும்பத்தில் நோய்க்கு ஆளாகும் செடி ஒன்றாவது கண்ணில் பட, 95 சதவீத உறுதிக்கு 11 செடி, 99 சதவீத உறுதிக்கு 16 செடி. இரண்டு ஓங்கு மரபணுக்கள் 15:1-ஆகப் பிரியும் என்று சந்தேகித்தால் 47-ம் 72-ம் வேண்டும். முளைக்காதவற்றையும் கணக்கில் கொண்டு 20 விதை விதைத்தால் ஒரு மரபணு ஆய்வுக்குப் போதும்.

இங்கே ஒரு சிக்கல். நோயில் செத்த எஃப்2 செடியிலிருந்து எஃப்3 விதை கிடைக்காது. குடும்பப் படத்தின் ஒரு பகுதி அதோடு போய்விடும். அதனால் எஃப்2 செடிகளுக்கு நோயே கொடுக்காமல் எல்லாவற்றிலிருந்தும் விதை எடுத்து, எஃப்3 குடும்பங்களை மட்டும் சோதிப்பதே எங்கள் பரிந்துரை. எஃப்2-வின் மரபணு வகையை 1:2:1-ஆகக் குடும்பங்களே சொல்லிவிடும். ஒரு பருவம் கூடுதலாகும், ஆனால் தப்பிய செடி என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

கேள்வி: சிவப்புக் குளோவரில் நூற்றுக்கு 36 செடிகள்தான் ஆந்த்ராக்னோஸை எதிர்க்கின்றன. தெரிவு செய்து உயர்த்த எத்தனை சுற்று ஆகும்?

பதில்: எதிர்ப்பு ஒரே ஓங்கு மரபணு என்று வைத்துக்கொள்வோம். 64 சதவீதம் நோய்க்கு ஆளாகிறது என்றால் ஒடுங்கு மரபணுவின் அளவு 0.8. பூக்கும் முன்பே நோய்க்கு ஆளான எல்லாவற்றையும் நீக்கி, எஞ்சியவற்றைத் தங்களுக்குள் கலக்கவிட்டால், அடுத்த தலைமுறையில் நோய்க்கு ஆளாகும் செடிகள் 20 சதவீதமாக இறங்கும். இரண்டாம் சுற்றில் 9.5, மூன்றில் 5.5, நான்கில் 3.6. முதல் இரண்டு சுற்றில் பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது. பிறகு ஒடுங்கு மரபணு கலப்புச் செடிகளுக்குள் ஒளிந்துகொள்வதால் நகர்வு மந்தமாகும். முழுமையாக நீக்க வேண்டுமென்றால் சோதனைக் கலப்பு தேவை. ரகம் வெளியிட அந்த அளவு தூய்மை பெரும்பாலும் தேவைப்படாது. லூசர்னில் 50 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்புள்ள செடிகள் இருந்தாலே ‘மிக உயர்ந்த எதிர்ப்பு’ என்று வகைப்படுத்துகிறார்கள். பக்கத்துச் செடி எதிர்க்கும்போது நோய் தாவுவதும் தளர்கிறது.

‘பூக்கும் முன்பே’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். வயலில் நோய் வந்தபின், நன்றாக நிற்கும் செடிகளிலிருந்து விதை மட்டும் சேகரித்தால், தாய் தெரிவு செய்யப்பட்டது, தந்தை யாரோ. முன்னேற்றம் பாதியாகிவிடும்.

எவ்வளவு செடிகளை மிச்சம் வைப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1,000 நாற்றில் மிகச் சிறந்த 10-ஐ மட்டும் எடுத்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு ஏறத்தாழ 5 சதவீதம் ஏறும். நான்கு சுற்றில் நோய் எதிர்க்கும், ஆனால் வளராத குளோவர் கையில் இருக்கும். 50 செடி வைத்தால் ஏற்றம் 1 சதவீதம். எனவே 50-க்குக் குறையாதீர்கள். எஞ்சியவற்றை வலைக்கூண்டுக்குள் வரிசை மாற்றி நட்டு, தேனீ அல்லது பம்பிள் தேனீயை விட்டுக் கலக்கச் செய்யுங்கள். அறுவடையில் ஒவ்வொரு செடியிலிருந்தும் சம எடை விதையை எடுத்துக் கலக்க வேண்டும். மொத்தமாக அடித்தால் அதிகம் பூத்த நான்கைந்து செடிகளே அடுத்த தலைமுறையை நிரப்பிவிடும்.

கேள்வி: தண்டடி அழுகலுக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை. அங்கே தனிச் செடியின் மதிப்பெண்ணை நம்பக் கூடாது. குடும்பச் சராசரியை நம்புங்கள். பாரம்பரியத்திறன் (செடிகளுக்கிடையிலான வேறுபாட்டில் மரபுவழி இறங்கும் பங்கு) 0.3 என்றும், நீங்கள் தெரிந்தெடுத்த செடிகள் சராசரியைவிட 20 புள்ளி மேல் என்றும் கொண்டால், அடுத்த தலைமுறை உயர்வது 6 புள்ளி. தாய்ப் பக்கம் மட்டும் தெரிவு செய்திருந்தால் 3.

இப்பூஞ்சாணம் இலையுதிர் காலத்தில் மண்ணிலுள்ள கரிய முடிச்சுகளிலிருந்து சிறு கிண்ணக் காளான்களை எழுப்பி, அவற்றின் வித்துகளைக் காற்றில் விடுகிறது. இலையில் தொடங்கி, குளிர்காலம் முழுதும் செடியின் அடிப்பகுதிக்கு இறங்கி அழுக்குகிறது. வசதிக்காகப் பலர் வித்துக்குப் பதில் பூஞ்சாண இழைகளை அரைத்து ஊற்றுகிறார்கள். அது முதல் கட்டத் தடுப்பைத் தாண்டி நேராக அடியில் தாக்குவதால் நல்ல செடிகளும் விழுந்துவிடும். கிண்ணக் காளான்களை வளர்த்து வித்தாகவே தெளிப்பது கூடுதல் உழைப்பு, ஆனால் செடிகளுக்கிடையே வேறுபாடு அதில்தான் தெளிவாகத் தெரியும். வயலில் சோதித்தால், நோய் கொடுக்காத இணைப் பாத்தி ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் உறைபனியில் செத்ததையும் அழுகலில் செத்ததையும் பிரிக்க முடியாது.

கேள்வி: நான்மடியச் சிவப்புக் குளோவர் அழுகலை நன்றாகத் தாங்குகிறது என்கிறார்கள். அப்படியென்றால் எதிர்ப்புப் பணியை அதிலேயே தொடங்கலாமே?

பதில்: தாங்குவது பொதுவாக உண்மை. ஆனால் தெரிவு அங்கே மெதுவாகும். ஒரு மரபணுவின் நான்கு பிரதிகளும் ஒடுங்காக இருந்தால்தான் செடி நோய்க்கு ஆளாகும். ஒடுங்கு மரபணு அளவு 0.5 என்றால் இருமடியத்தில் 25 சதவீதச் செடிகள் நோயில் விழும், நான்மடியத்தில் 6 சதவீதம்தான். கெட்ட மரபணு மறைந்துகொள்ள இடம் அதிகம். சோதனைக் கலப்பில், இரண்டு ஓங்கு பிரதிகள் கொண்ட செடி 5:1 தரும், ஒரே பிரதி கொண்டது 1:1 தரும். இந்த இரண்டையும் பிரித்தறிந்து, 5:1 தருபவற்றையும் பிரியவே பிரியாதவற்றையும் மட்டும் வைத்துக்கொண்டால் வேகம் கூடும். எங்கள் ஆலோசனை: ஓங்கு மரபணு எதிர்ப்பை முதலில் இருமடியத்தில் செறிவாக்குங்கள், பிறகு கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்குங்கள்.

கேள்வி: எதிர்ப்புள்ள ரகம் சில ஆண்டுகளில் நோய்க்கு ஆளாவது ஏன்? செடி மாறிவிடுகிறதா?

பதில்: நிலத்தடிக் குளோவரில் செடி மாறுவதில்லை, பூஞ்சாணம் மாறுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1970-களில் கருகல் நோய் பெரும் சேதம் செய்தது. அதற்கு எதிர்ப்புள்ள ரகங்கள் பரவின. 1990-களில், அவற்றையும் தாக்கும் ரேஸ் 2 தெரியவந்தது. வேரழுகலை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா கிளாண்டஸ்டினாவிலும் இதே கதை. அது 1985-ல் ஆஸ்திரேலியாவில் புதிய இனமாக விவரிக்கப்பட்டது; சரியாகச் சொன்னால் பூஞ்சாணம் அல்ல, நீர்ப்பூஞ்சை வகை. அதிலும் பல ரேஸ்கள் பிரிந்து நிற்கின்றன.

நிலத்தடிக் குளோவரில் இது கூடுதல் கவலை தருவதற்குக் காரணம், அதை ஆண்டுதோறும் விதைப்பதில்லை என்பதே. ஒருமுறை விதைத்தால் தானே காய் புதைத்து, கடின விதைகளாக மண்ணில் தங்கி, ஆண்டுக்காண்டு முளைக்கிறது. எதிர்ப்பு உடைந்துவிட்டது என்று தெரிந்தபின் அந்த ரகத்தை நிலத்திலிருந்து வெளியேற்றுவது மிகக் கடினம். ஒரே மரபணுவை மட்டும் நம்பி இதில் ரகம் வெளியிடுவது சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. குறைந்தது இரண்டு வெவ்வேறு மரபணுக்களாவது ஒரே செடியில் சேர வேண்டும். வெளியிடும் முன், தெரிந்த ஒவ்வொரு ரேஸையும் தனித்தனியே கொண்டு சோதியுங்கள். ரேஸ்களைக் கலந்து தெளித்தால் செடி விழும்போது எது வீழ்த்தியது என்று தெரியாது.

சிவப்பு, வெள்ளைக் குளோவர்களில் செடிக்கூட்டமே மாறுவதும் உண்டு. விதைப் பெருக்கத்தில் அயல் மகரந்தம் கலந்தாலோ, நோயில்லாத வறண்ட இடத்தில் பல தலைமுறை பெருக்கினாலோ, எதிர்ப்புள்ள செடிகளின் பங்கு நகரலாம். ஒவ்வொரு பெருக்கத் தலைமுறையிலும் 200 நாற்றையாவது சோதித்துப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: இலைநோய் வந்தால் விளைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே? இதற்கு ஏன் இத்தனை ஆண்டு உழைப்பு?

பதில்: அவ்வளவு மட்டும் அல்ல. இலையில் பூஞ்சாணம் தாக்கிய வெள்ளைக் குளோவர், லூசர்ன், மெடிக் போன்றவற்றில் கூமெஸ்டிரால் என்ற பொருள் கூடுகிறது. இது பெண்மை இயக்குநீர்போல் செயல்பட்டு, மேயும் செம்மறிகளின் கருத்தரிப்பைக் குறைக்கும். நிலத்தடிக் குளோவரில் இதே தீங்கைச் செய்வது ஃபோர்மோனோனெட்டின். அது நோயால் வருவதல்ல, ரகத்தின் பண்பு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940-களில் செம்மறிகள் கூட்டம் கூட்டமாகச் சினைபிடிக்காமல் போனது இதனால்தான். இன்று உலர் எடையில் 0.2 சதவீதத்துக்குக் கீழ் இருப்பதே பாதுகாப்பான அளவாகக் கொள்ளப்படுகிறது. எதிர்ப்பு மரபணுவைப் பழைய ரகத்திலிருந்து கொண்டுவரும்போது இந்த வேதிப்பொருளும் சேர்ந்து வரக்கூடும். நோய்ச் சோதனையில் தேறிய ஒவ்வொரு வரிசையையும் இதற்கும் அளந்து பாருங்கள்.

கேள்வி: டிஎன்ஏ குறியீடுகள் இருக்கும்போது நோய்ச் சோதனை இனி எதற்கு?

பதில்: குறியீட்டை, அதாவது மரபணுவுக்கு அருகே இருந்து அதோடு சேர்ந்து இறங்கும் டிஎன்ஏ அடையாளத்தை, கண்டுபிடிக்கவே நல்ல நோய்ச் சோதனை வேண்டும். சோதனையில் பத்தில் இரண்டு செடி தப்பினால், மரபணுவின் இடம் குரோமோசோமில் தள்ளிப் போய்க் குறிக்கப்படும். சிவப்புக் குளோவரின் மரபணுத் தொகுதி 2015-லும், நிலத்தடிக் குளோவரினுடையது 2016-லும், வெள்ளைக் குளோவரினுடையது 2019-லும் வெளியாகியுள்ளன. ஆகவே குறியீடுகளுக்குப் பஞ்சமில்லை.

கிடைத்த குறியீடு மரபணுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மறுசேர்க்கை (குறியீடும் மரபணுவும் பிரிந்துபோவது) 10 சதவீதம் உள்ள ஒரே குறியீட்டை நம்பி எஃப்2-வில் தூய எதிர்ப்புச் செடிகளைத் தேர்ந்தால், அவற்றில் 81 சதவீதமே உண்மையில் தூயவை. மரபணுவின் இருபுறமும் அதே தூரத்தில் ஒவ்வொரு குறியீடு வைத்தால் அது 97 சதவீதத்தைத் தாண்டும். சிவப்பு, வெள்ளைக் குளோவர்களில், ஒரு செடிக்கூட்டத்தில் வேலை செய்த குறியீடு அடுத்ததில் வேலை செய்யாமல் போவது சாதாரணம். அயல்கலப்பு இணைப்பை விரைவில் உடைத்துவிடும்.

குறியீடு உண்மையில் கைகொடுப்பது பின்கலப்பில், அதாவது வாரிசை நல்ல ரகத்தோடேயே மீண்டும் மீண்டும் கலப்பதில். ஓங்கு மரபணுவை நல்ல ரகத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் பாதிச் செடிகளில் மரபணு இருக்கும். 7 செடி சோதித்தால் ஒன்றாவது கிடைக்கும் என்பது 99 சதவீத உறுதி. ஒடுங்கு மரபணு என்றால் குறியீடு இல்லாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே ஒரு தன்கலப்புத் தலைமுறை வேண்டியிருக்கும், குறியீடு அந்த ஆண்டுகளை மிச்சப்படுத்தும். இரண்டு எதிர்ப்பு மரபணுக்களை ஒரே செடியில் சேர்க்கும்போதும் குறியீடு வேண்டும். ஒன்று இருந்தாலே செடி நலமாக நிற்பதால், இரண்டாவது இருக்கிறதா என்று நோய் சொல்லாது. நான்காம் பின்கலப்பில் பழைய ரகத்தின் சாயல் 97 சதவீதத்தை நெருங்கும். அங்கே நிறுத்தி, தன்கலப்பு செய்து, தூய வரிசைகளை மறுபடியும் வூஜனெலப் பக்கத்தில் வைத்து நோய்க்குக் கொடுங்கள்.